பழைய கேம்பர் வேனில் ஹீட்டர் ஒழுகினால்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது

"ஹீட்டர் ஒழுகுது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். படுக்கையும் சமையல் வசதியும் உள்ள பழைய கேம்பர் வேனில் அது குறைந்தது நான்கு கருவிகளைக் குறிக்கலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டின் சூட்டில் ஓடும் முன்பக்க ஹீட்டர். அதே கூலண்ட் நீண்ட குழாயில் வந்து சேரும் பின்பக்க ஹீட்டர். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வெந்நீர் தரும் பாய்லர். வண்டி நின்றிருக்கும்போது உள்ளே சூடாக்கும் எரிவாயு அல்லது டீசல் ஹீட்டர். இவற்றில் எது, அதிலிருந்து வருவது எந்தத் திரவம் என்று தெரியும் முன்பே டாஷ்போர்டில் ஸ்க்ரூ டிரைவரை வைப்பவர்கள்தான் அதிகம். முப்பது வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக் கொக்கிகள் ஒவ்வொன்றாக உடையும். ஹீட்டர் கோர் (கூலண்ட் ஓடிக் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) வெளியே வரும், பார்த்தால் பொட்டு ஈரம் இருக்காது. வந்தது கண்ணாடி ரப்பர் வழியே இறங்கிய மழைத் தண்ணீராக இருக்கும்.

அதனால் இங்கே கழற்றும் வேலை கடைசிப் பக்கமாகத்தான் வருகிறது. உங்கள் வண்டியில் தெரியும் அறிகுறி எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எரிவாயு நாற்றம், புகை நாற்றம், காரணம் தெரியாத தலைவலி

எல்பிஜி எரிவாயுவுக்குத் தானாக வாசம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் இறங்குங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. இரண்டும் தரையோடு தேங்கும் என்பதால் மேல் ஜன்னலை மட்டும் திறந்து பயனில்லை. தரையில் இதற்காகவே விடப்பட்ட துளைகளைக் குளிர் வருகிறதென்று யாராவது அடைத்து வைத்திருப்பார்கள். பழைய வண்டி வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எரிவாயு இணைப்பைப் பிரித்துக் கட்டுவது உரிமம் பெற்றவரின் வேலை. அதில் நான் சமரசம் செய்ய மாட்டேன். நீங்கள் பார்க்கக்கூடியவை இரண்டு. ரப்பர் ஹோஸில் அச்சிட்ட தேதியும் வெடிப்பும் ஒன்று. ரெகுலேட்டரின் அழுத்தமும் ஹீட்டர் தகட்டில் உள்ள அழுத்தமும் ஒத்துப்போகிறதா என்பது இன்னொன்று. பழைய ஜெர்மானிய வண்டிகள் பல 50 மில்லிபாரில் ஓடுபவை. பின்னாளில் வந்த கருவிகள் 30 மில்லிபாருக்கானவை. இரண்டையும் கலந்து மாட்டிய வண்டிகள் உண்டு.

கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. வண்டிக்குள் ஹீட்டர் ஓடும்போது தலைவலி, குமட்டல் வந்து, வெளியே இறங்கியதும் சரியாகிவிட்டால் ஹீட்டரை அணைத்து, புகைபோக்கிக் குழாய் பார்க்கப்படும்வரை திரும்பப் போடாதீர்கள். ஈஎன் 50291-2 தரத்தில் வரும் அலாரம் வண்டிகளுக்கும் படகுகளுக்கும் என்றே செய்யப்படுவது. அது இல்லாமல் எரியும் ஹீட்டரை வைத்துக்கொண்டு உள்ளே தூங்கக் கூடாது. ட்ரூமா நிறுவனத்து மாதிரியான எரிவாயு ஹீட்டர்களில் புகைக்குழாயை ஒருமுறை கழற்றினால் அதன் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் வளையம்) புதிதாகப் போட வேண்டும். பழசே நன்றாக இருக்கிறதே என்று திரும்ப மாட்டுவதில்தான் கசிவு தொடங்குகிறது.

காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்களில் கூலண்ட்டே கிடையாது. புகைக்குழாயைச் சுற்றி ஓடும் காற்றுதான் உள்ளே சூடாக வருகிறது. அங்கே துரு ஓட்டை விழுந்தால் எஞ்சின் புகை நேராக உள்ளே வரும். அப்படி ஒரு வண்டி உங்களுடையது என்றால் தரை ஈரத்துக்கு எஞ்சின் ஹீட்டரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை, மழையையும் சமையல் பக்கத் தண்ணீரையும் சந்தேகப்படுங்கள்.

டீசல் ஹீட்டரில் டீசல் நாற்றம் வந்தால் பம்புக்கு இருபுறமும் உள்ள சின்ன ரப்பர் இணைப்புகளை முதலில் பாருங்கள். வயதானதும் வெடிப்பது அவைதான். குளிரில் பற்றும்போது வெளியே கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது சாதாரணம். உள்ளே வந்தால் சாதாரணம் இல்லை.

## தரைவிரிப்பு ஈரமாக இருக்கிறது

வெள்ளைத் தாள் கைக்குட்டையை ஈரத்தில் அழுத்தி எடுங்கள். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று ஏதாவது நிறம் ஏறினால் கூலண்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறமில்லை என்றால் உடனே விட்டுவிடாதீர்கள். யாராவது வெறும் தண்ணீரையே ஊற்றி ஊற்றிக் கூலண்ட் நீர்த்துப் போயிருக்கலாம். விரலில் தேய்த்துப் பாருங்கள், வழுவழுப்பாக இருக்கிறதா? தாளைக் காற்றாட வைத்து மறுநாள் பாருங்கள். தண்ணீர் காய்ந்து போயிருக்கும், கூலண்ட்டில் உள்ள கிளைக்கால் பிசுபிசுவென்று தங்கியிருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய மெக்கானிக் வழக்கம் வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். நாயும் பூனையும் குழந்தையும் தேடிப் போய் நக்கக்கூடிய விஷம். தரையில் சிந்தியதை உடனே துடையுங்கள்.

வெறும் தண்ணீர்தான் என்று முடிவானால், அது எப்போது வருகிறது என்று பாருங்கள். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் முன் கண்ணாடி ரப்பர், பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள வடிகால், கதவு ரப்பர், கூரை ஜன்னல். அந்த வடிகாலில் சருகு அடைத்தால் தண்ணீர், ப்ளோயர் (ஹீட்டரின் காற்றாடி) காற்று இழுக்கும் வாய்க்குள்ளேயே இறங்கி, ஹீட்டர் பெட்டியின் அடியிலிருந்து சொட்டும். பார்க்க அச்சு அசல் ஹீட்டர் ஒழுகல்தான். ஏசி உள்ள வண்டியில் ஏசி ஓடும்போது மட்டும் வந்தால் அதன் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது.

மழையும் இல்லை, ஏசியும் இல்லை என்றால் சமையல் பக்கத் தண்ணீர் அமைப்பைச் சந்தேகப்படலாம். எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பை மட்டும் ஆனில் விட்டு அமைதியாக உட்காருங்கள். அழுத்த ஸ்விட்ச் உள்ள பம்பு அவ்வப்போது தானாக ஒரு நொடி ஓடி நின்றால், அழுத்தம் எங்கோ போகிறது, அதாவது எங்கோ கசிகிறது. இரவில் இந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

கேம்பரில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. தரைக்கு மேல் பலகை, அதற்கு மேல் நுரை, மேலே விரிப்பு. திரவம் பலகையின் அடியிலேயே சரிவு பார்த்து ஓடி, கசிவுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் தலைகாட்டும். ஈரம் தெரியும் இடத்தில் தோண்டுவதைவிட, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்து மேட்டுப் பக்கமாகத் தேடுவது பலன் தரும்.

## இனிப்பு வாசம், கண்ணாடியில் எண்ணெய் போல் படலம்

இது இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் முன்பக்க ஹீட்டர் கோர்தான். ஊசி முனைத் துளையிலிருந்து வரும் கூலண்ட் சூட்டில் ஆவியாகி, காற்றோடு சேர்ந்து கண்ணாடியில் படிகிறது. சாதாரணப் பனிமூட்டத்திலிருந்து இதைப் பிரித்தறிவது சுலபம். சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் சாதாரண மூட்டம் விலகும். கூலண்ட் மூட்டம் அதிகமாகும். துணியால் துடைத்தால் இழுபட்டு மங்கலாகப் பரவும்.

எதையும் கழற்றாமல் இதை உறுதிப்படுத்த ஒரு வழி, போனில் மாட்டும் மலிவான எண்டோஸ்கோப் கேமரா. ப்ளோயரின் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரையோ ப்ளோயரையோ மட்டும் எடுத்துவிட்டு அந்தத் துளை வழியே கேமராவை விடுங்கள். கோரின் அடியில் நிறமான உப்புப் படிவு, பிசுபிசுத்த தூசி, தேங்கிய சொட்டு ஏதாவது கண்ணில் படும். வழியே இல்லாத வண்டிகளில் ஹீட்டர் பெட்டியின் அடி இணைப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோரின் இரண்டு குழாய் முனைகளும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அங்கே ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து ஒழுகினாலும் சொட்டு பெட்டியின் மேலேயே ஓடி அடியில் விழும். முனைகளை நன்றாகத் துடைத்து, தாளைச் சுற்றிக் கட்டி, ஒரு முறை வண்டியை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தாள் நனைந்திருந்தால் உங்கள் செலவு ஒரு கிளிப்போடு முடிந்தது.

## கூலண்ட் குறைகிறது, ஈரம் எங்கும் தெரியவில்லை

முதலில் மூடியைப் பாருங்கள், ரேடியேட்டர் மூடியோ, சூட்டில் விரியும் கூலண்ட்டுக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கின் மூடியோ, எது அழுத்தம் தாங்குகிறதோ அது. அதன் ரப்பர் இறுகிப் போனால் கூலண்ட் சூடான எஞ்சினில் வெளியேறி ஆவியாகிவிடும், தடம் இருக்காது. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் போய், உள்ளே இருப்பது கொதித்துக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

அடுத்தது அழுத்தச் சோதனை. கைப்பம்பும் அளவுமானியும் சேர்ந்த இந்தக் கருவியைக் கடனாகவாவது வாங்குங்கள். மற்றச் சோதனைகள் எல்லாம் ஊகம், இது சாட்சி. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு மூடிக்குப் பதிலாக இதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுவரை மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். பல வண்டிகளில் அது 1 பாரை ஒட்டி இருக்கும், ரொம்பப் பழையவற்றில் அதில் பாதிதான். அதற்கு மேல் போனால் இல்லாத கசிவை நீங்களே உண்டாக்குவீர்கள். கால் மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். இறங்கினால் டார்ச் எடுத்துக்கொண்டு குழாய் குழாயாகப் போங்கள்.

முள் இறங்குகிறது, ஆனால் இடம் தெரியவில்லை என்றால் கூலண்ட் ஓடும் சுற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பும் ஹோஸ் இரண்டையும் ஹோஸ் பிடிக்கும் கிளாம்பால் மென்மையாக அழுத்தி மூடி, மறுபடி அழுத்தம் ஏற்றுங்கள். இப்போது முள் நின்றால் கசிவு ஹீட்டர் பக்கம். ஒரே ஹோஸை மூடிவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கோருக்குக் கூலண்ட்டை விடும் ஹீட்டர் வால்வு பெரும்பாலும் உள்ளே வரும் வழியில் மட்டும்தான் இருக்கும். அதை மூடினாலும் திரும்பும் ஹோஸ் வழியாகக் கோருக்கு அழுத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும். "ஹீட்டரை ஆஃப் பண்ணித்தான் ஓட்டுறேன், அப்பவும் ஒழுகுது" என்று குழம்புவது இதனால்தான். ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தால் கிளாம்பே போடாதீர்கள், அந்த இடத்திலேயே வெடிக்கும். அப்படிப்பட்ட ஹோஸை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

சொட்டு மிகச் சிறியது என்றால் கூலண்ட்டில் கலக்கும் ஒளிர்சாயம் உதவும். கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் கசிந்த தடம் பளிச்சென்று தெரியும். இரண்டு ஹீட்டரும் நீண்ட குழாய்களும் உள்ள வண்டியில் இது நிறைய நேரம் மிச்சப்படுத்தும்.

அழுத்தமும் நிற்கிறது, கூலண்ட்டும் குறைகிறது என்றால் ஹீட்டரை விட்டுவிட்டு, எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் விறைத்துக்கொள்வது, டேங்கில் விடாமல் குமிழி வருவது, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை ஆகியவை அதன் அடையாளம். எரிந்த வாயு கூலண்ட்டில் இருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் கிடைக்கிறது. இந்தப் பழுது இருக்கும்போது புதுக் கோர் போட்டால் அதையும் அழுத்தம் கெடுத்துவிடும்.

## காலையில் குளிரில் சொட்டுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

கிளிப். பெரும்பாலும் அதுதான். குளிரில் ரப்பரும் உலோகமும் சுருங்கும், இறுகிப்போன ஹோஸ் அதற்கேற்பப் பிடிக்காது. சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். திருகி இறுக்கும் கிளிப்பை மேலும் மேலும் இறுக்குவது அந்த நேரத்துக்குச் சரியாகும், ஆனால் ஹோஸ் வெட்டுப்படும், பிளாஸ்டிக் முனையென்றால் உடையும். தானாக இறுக்கம் சரிசெய்துகொள்ளும் ஸ்பிரிங் கிளிப் இந்த இடத்துக்குப் பொருத்தமானது. பலர் விரும்பிப் போடும் சிலிக்கோன் ஹோஸ் மென்மையானது. சாதாரணத் திருகு கிளிப்பின் பற்கள் அதை அரத்தால் அறுப்பது போல் அறுக்கும், உள்பக்கம் தகடு வைத்த கிளிப் வேண்டும். என்னைக் கேட்டால் நல்ல ஈபிடிஎம் ரப்பர் ஹோஸே போதும்.

ஹோஸை வெளியே பார்த்து மட்டும் நம்பாதீர்கள். முனையிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே நெளிநெளியாக விரிசல் விட்டால் அங்கே மட்டும் தொளதொளவென்று இருக்கும். ஹீட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் 16 அல்லது 19 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டவை. வாங்கும் முன் முனையை அளந்துவிடுங்கள், "கொஞ்சம் பெரிசுதான், கிளிப் பிடிச்சுக்கும்" என்பது நடக்காது.

## ஹீட்டர் வால்வு அருகே, அல்லது கேபிள் வழியே சொட்டுகிறது

நெம்புகோலைச் சூட்டுக்குத் திருப்பியதும் ஒழுகத் தொடங்கினால் வால்வின் தண்டில் உள்ள ஓ-ரிங் போயிருக்கிறது. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த தண்டு முதல் குளிரில் அசைக்கப்படும்போது இது நடக்கும். சொட்டு கேபிள் உறை வழியாகவே ஓடி ஓட்டுநர் காலடியில் விழுவதால் கோர் என்று ஏமாறுவார்கள். பித்தளை வால்வாக இருந்தால் ஓ-ரிங்கை மாற்றிப் பார்க்கலாம், பிளாஸ்டிக் உடலென்றால் மொத்தமாக மாற்றுங்கள். அதை ஒட்டுவதெல்லாம் வேலைக்காகாது.

## பின் இருக்கைக்குக் கீழே, வண்டி நடுவில் ஈரம்

பின்பக்க ஹீட்டர் உள்ள வண்டி என்றால் இருக்கைப் பெட்டியைத் திறந்து கோரையும் இணைப்புகளையும் பாருங்கள். கூலண்ட்டால் எஞ்சின் குளிரும் ஃபோக்ஸ்வாகன் டி3 வேன் இதற்கு நல்ல உதாரணம். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் வண்டி நீளத்துக்கும் குழாய். இந்த மாதிரி வண்டிகளில் ஹீட்டரைவிட, தரைக்கு அடியில் ஓடும் குழாய்கள்தான் முதலில் போகும். இரும்புக் குழாயென்றால் தாங்கிப் பிடிக்கும் கிளாம்புக்கு அடியில் துரு, ரப்பரென்றால் சேஸி விளிம்பில் உரசல். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. குழாயைக் கொஞ்சம் தள்ளி, அதன் முதுகுப் பக்கத்தைக் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

பின்பக்க ஹீட்டர் இனித் தேவையில்லை என்று நினைப்பவர்கள் அதை அடியோடு எடுத்துவிட்டு முன்பக்கச் சுற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒழுகக்கூடிய இணைப்புகள் குறையும். ஆனால் குளிர் இடங்களுக்குப் போகிறவர்கள் வருத்தப்படுவார்கள்.

## வெந்நீர்ப் பாய்லர் சொட்டுகிறது

வண்டிக்கு அடியில் சுத்தமான தண்ணீர் கொட்டுகிறது, நேற்றிரவு நல்ல குளிர் என்றால் அது பழுதாகவே இருக்காமல் போகலாம். உறைந்து வெடிக்காமல் இருக்க, குளிரில் தானாகத் திறந்து தண்ணீரை விட்டுவிடும் வால்வு சில பாய்லர்களில் உண்டு. ட்ரூமாவின் ஃபிராஸ்ட்கன்ட்ரோல் வால்வு சுமார் 3 டிகிரியில் திறக்கும். அதைச் சுற்றியுள்ள இடம் 7 டிகிரியைத் தாண்டும்வரை கையால் மூடினாலும் நிற்காது. அந்த இடத்தைச் சூடாக்குங்கள், பிறகு மூடுங்கள்.

சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்வில் கொஞ்சம் சொட்டினால் அதுவும் இயல்பு. 10 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி பெருகுகிறது. அது எங்காவது போயாக வேண்டும். சூடு ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால் வால்வு மூடி உட்காரும் இடத்தில் சுண்ணாம்புப் படிவு. நெம்புகோலை ஓரிரு முறை திறந்து மூடி அலசிப் பாருங்கள், நிற்கவில்லையென்றால் வால்வை மாற்றுங்கள்.

பாய்லர் தொட்டியே வெடித்திருந்தால் கதை வேறு. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பெருகுகிறது. குளிர்காலத்தில் காலி செய்யாமல் விட்ட தொட்டி அதைத் தாங்காது. ஒட்டுப் போட்டுப் பயனில்லை.

எஞ்சின் கூலண்ட்டால் தண்ணீரைச் சூடாக்கும் தொட்டி சில கேம்பர்களில் இருக்கும். அதன் உள்சுருள் ஓட்டையானால் வரும் அறிகுறி விசித்திரமானது. எக்ஸ்பான்ஷன் டேங்கில் கூலண்ட் குறைவதற்குப் பதில் கூடும். எஞ்சின் நின்றிருக்கும்போது தண்ணீர்ப் பம்பின் அழுத்தம் கூலண்ட்டின் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் குழாய்த் தண்ணீர் அங்கே புகுகிறது. எஞ்சின் சூடாகிப் பம்பு அணைந்திருக்கும்போது எதிர்த்திசையில் போகும், அதாவது கிளைக்கால் உங்கள் குழாய்த் தண்ணீரில். அளவு கூடுவதைப் பார்த்த அன்றே அந்த அமைப்பிலிருந்து குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள்.

## வழியில் மாட்டிக்கொண்டால்

ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பும் ஹோஸ் இரண்டையும் எஞ்சின் அறையில் கோரிலிருந்து பிரித்து, சரியான விட்டமுள்ள ஒரு உலோகத் துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். கோர் சுற்றிலிருந்து விலகிவிடும், வண்டி ஓடும். இரண்டு முனைகளையும் அடைத்துவிடலாமே என்றால், சில எஞ்சின்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்யவே ஹீட்டர் சுற்றில் ஓட்டம் வேண்டும். இணைப்பதுதான் பாதுகாப்பு. கண்ணாடி மூட்டம் விலக்கச் சூடான காற்று இருக்காது என்பதை மறக்க வேண்டாம், குளிரிலும் மழையிலும் இது பெரிய குறை.

ஊற்றி அடைக்கும் சீலண்ட்டைப் பற்றிக் கேட்பீர்கள். ஊசித்துளையை அடைக்கும், உண்மை. அடைக்க வேண்டாத மெல்லிய வழிகளிலும் தங்கும். அதன் பிறகு ஹீட்டர் வெதுவெதுப்பாகத்தான் வரும். வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் போடுங்கள்.

## கோரைக் கழற்றுவது என்று முடிவானால்

பேட்டரியைப் பிரியுங்கள், கூலண்ட்டை அகலமான பாத்திரத்தில் பிடியுங்கள், கால்வாயிலோ மண்ணிலோ விடாதீர்கள். கழற்றும் முன் ஒவ்வொரு கேபிளையும், காற்றுக் கதவு எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் படமெடுத்து வையுங்கள். கேபிள் கிளிப் பிடித்திருந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டால் திரும்ப மாட்டும்போது சூடு குளிர் சரியாக நிற்கும்.

ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். நல்ல கோர்கள் உடைவது இந்த நேரத்தில்தான். முனை வளைந்தால் அது கோரின் ஓரத் தொட்டியோடு சேரும் பற்றவைப்பு விரிசல் விடும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். ஹோஸ் போனால் போகட்டும்.

வெளியே எடுத்த கோரின் ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் மெதுவாகக் காற்று விடுங்கள். மூடியில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. குமிழி வரும் இடம் பார்த்துத் தீர்மானிக்கலாம். பித்தளை, செம்புக் கோரில் தொட்டியோரப் பற்றவைப்பில் கசிந்தால் ரேடியேட்டர் வேலை தெரிந்தவர் ஈயம் வைத்துச் சரி செய்துவிடுவார், பல வருடம் வரும். மெல்லிய குழாய்களின் நடுவில் குமிழி வந்தால் ஒரு துளையை அடைத்து அடுத்ததற்குக் காத்திருப்பதுதான் நடக்கும். உட்கோரை மாற்றச் சொல்லுங்கள் அல்லது புதிது வாங்குங்கள். அலுமினியக் கோரில் பிளாஸ்டிக் தொட்டி மடித்துப் பிடித்த வகைக்குப் பழுது பார்ப்பதே வீண்.

புதிதை மாட்டும் முன் பழையது ஏன் போனது என்று பாருங்கள். வருடக்கணக்கில் மாற்றாத கூலண்ட் துருத் தடுக்கும் சக்தியை இழந்திருக்கும், அது ஒரு காரணம். இன்னொன்று மின்சாரம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலண்ட்டில் மட்டும் நனையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலண்ட் கெட்டுப்போயிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு கருவியின் எர்த் சரியில்லாமல் மின்சாரம் கூலண்ட் வழியே திரும்பப் பார்க்கிறது. விளக்கு, ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரியின் சார்ஜ் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்து எப்போது எண் ஏறுகிறது என்று கவனியுங்கள். முந்தைய உரிமையாளர்கள் ஆளுக்கொன்றாக வயர் இழுத்துச் சேர்த்த கேம்பரில் இது அடிக்கடி கிடைக்கும் குற்றவாளி.

கோரைச் சுற்றியிருந்த நுரைப் பட்டை பொடியாக உதிரும். தண்ணீர் உறிஞ்சாத புது நுரையை ஒட்டுங்கள். அதை விட்டால் காற்று கோருக்குள் போகாமல் ஓரமாகத் தப்பித்து, புதுக் கோர் போட்டும் குளிராகவே வரும்.

## நிரப்புவது, காற்றெடுப்பது

தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன வகைக் கூலண்ட்டையே ஊற்றுங்கள். நிறத்தை வைத்து வகை சொல்ல முடியாது. ஈயப் பற்றவைப்புள்ள பழைய கோருக்குச் சிலிக்கேட் கலந்த பழைய வகை பொருத்தம். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சேர்ந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. தண்ணீர் சுத்திகரித்ததாக இருக்கட்டும்.

ஹீட்டர் நெம்புகோலை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். ஹீட்டர் குழாய்களில் காற்றெடுக்கும் திருகு இருந்தால் குமிழியில்லாத கூலண்ட் வரும்வரை திறந்து வையுங்கள். ஊற்றும் வாய் சுற்றிலேயே உயரமான இடமாக இருக்கும்படி வண்டியை நிறுத்துவது பாதி வேலையை முடித்துவிடும். டி3 மட்டும் தனி ரகம். முன்பக்கத்தை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூக்கி, ரேடியேட்டரின் மேல் உள்ள திருகைத் திறந்து, எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 2000 சுழற்சியில் ஓடவிட்டுத்தான் காற்று வெளியேறும். தூக்கிய வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள்.

எஞ்சின் சூடானதும் ஹீட்டரின் இரண்டு ஹோஸையும் தொடுங்கள். இரண்டும் சூடு, திரும்பும் ஹோஸ் கொஞ்சம் குறைவாக என்றால் சரி. ஒன்று சூடு, இன்னொன்று குளிர் என்றால் உள்ளே காற்று அல்லது அடைப்பு. டாஷ்போர்டுக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் வந்தாலும் காற்றுதான். அடைப்பென்றால் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டு அலசுங்கள். குழாயை முழு வேகத்தில் திறந்தால் பழைய கோர் தாங்காது.

நனைந்த நுரையை எடுத்து எறிந்துவிடுங்கள், கிளைக்கால் அதில் காயவே காயாது. தரைப் பலகையை வெதுவெதுப்பான தண்ணீரால் இரண்டு மூன்று தரம் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே விரிப்பைப் போடுங்கள். முடிந்தால் இரண்டு வாரம் விரிப்பு இல்லாமலே ஓட்டுங்கள், புதுக் கசிவு வந்தால் கண்ணுக்கு உடனே படும். எக்ஸ்பான்ஷன் டேங்கில் அளவுக் கோட்டருகே ஒரு டேப் ஒட்டி, தினமும் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முதல் சில நாள் சற்றுக் குறைவது தங்கியிருந்த காற்று வெளியேறுவதால். அதன் பிறகும் குறைந்தால் அழுத்தச் சோதனைக்குத் திரும்புங்கள். புதிதாகப் போட்ட திருகு கிளிப்புகளை ஓரிரு முறை சூடாகி ஆறிய பிறகு அரைச் சுற்று இறுக்கிவிடுங்கள்.